பதிவேடு பத்திரம்!

கோபாலபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அருகே ஒரு வாடகை நூல் நிலையம் உண்டு. தரையிலிருந்து கூரை வரை புத்தகங்கள். பெயரைச் சொன்னால் போதும், அங்குள்ள பெரியவர் பதிவேட்டைப் புரட்டி, நேரே போய் எடுத்து வந்துவிடுவார். எந்தப் புத்தகம் எந்த அடுக்கில், யார் வீட்டில் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்தப் பதிவேடு மட்டும் தொலைந்துவிட்டால்? புத்தகம் ஒன்றுகூடப் போகவில்லை. ஆனால் நூல் நிலையமே போன மாதிரிதான்!

கணிப்பொறி உலகிலும் இப்படி ஒரு நூலகர் உண்டு. சேமிப்பு மேலாண்மை சர்வர் என்று பெயர். கல்லூரி, வங்கி, மருத்துவமனை போன்ற இடங்களில் உள்ள கணிப்பொறிகள் ஒவ்வோர் இரவும் தம் கோப்புகளின் நகல்களை இதனிடம் அனுப்புகின்றன. இது அவற்றை வட்டுகளிலும் காந்த நாடாக்களிலும் எழுதி வைக்கிறது.

நாடாவா, அதெல்லாம் பாட்டுக் கேசட்டோடு ஒழிந்துவிட்டதே என்கிறீர்களா? இல்லை! எல்.டி.ஓ.-9 என்னும் வகையில், கையடக்கமான ஒரு பெட்டிக்குள் 1,035 மீட்டர் நாடா சுற்றியிருக்கிறது. அதன் கொள்ளளவு 18 டெராபைட், அதாவது 18 லட்சம் கோடி பைட்டுகள். ஒரே நாடாவில் பலருடைய கோப்புகள் முன்னும் பின்னுமாகக் கலந்து கிடக்கும். எது எங்கே என்று சொல்வது சர்வரில் உள்ள தரவுத்தளம். அதுதான் பதிவேடு.

இந்த நூலகர் நிற்கும் தரைதான் ஆபரேட்டிங் சிஸ்டம் என்கிற இயக்க முறைமை. தரையை ஏன் மாற்ற வேண்டும்? பல சர்வர்களில் ஓடிய சென்டோஸ் 7 என்ற முறைமைக்கான ஆதரவு 2024 ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், வழக்கம்போல் திருத்தம் வந்து சேராது. ஆகவே மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றும் முன் பதிவேட்டுக்கு ஒரு நகல் எடுக்க வேண்டும்.

நகல்தான் இருக்கிறதே, இனி என்ன பயம்? அங்கேதான் விஷயம்.

ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில், 2021 டிசம்பரில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே மாற்றியது இயக்க முறைமையைக்கூட அல்ல. நகலெடுக்கும் ஏற்பாட்டைச் சேர்ந்த ஒரு சின்னக் கட்டளைத் தொடரை. பத்து நாளுக்கு மேற்பட்ட குறிப்புக் கோப்புகளை அழிப்பது அதன் வேலை. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய வடிவத்தை அதன்மேல் எழுதிவிட்டார்கள். ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதை நீங்கள் வரிவரியாகப் படிக்கும்போது, பாதியில் ஒருவர் அழித்து வேறு கணக்கை எழுதினால் எப்படியிருக்கும்? அப்படித்தான் ஆயிற்று. எந்த அடைவை அழிப்பது என்ற இடம் காலியாகிவிட, ஆராய்ச்சிக் கோப்புகளையே அது அழிக்கத் தொடங்கியது. சுமார் 77 டெராபைட், 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் போயின. பாதிக்கப்பட்ட 14 ஆராய்ச்சிக் குழுக்களில் 4 குழுக்களின் கோப்புகளை மீட்கவே முடியவில்லை.

இன்னொரு கதை இவ்வளவு சோகமானதல்ல. 2011 பிப்ரவரி இறுதியில், ஜிமெயிலின் சேமிப்பு மென்பொருளைப் புதுப்பித்தபோது ஒரு பிழை நுழைந்தது. பயனாளர்களில் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல்பெட்டி காலியாகத் தெரிந்தது. வெவ்வேறு இடங்களில் நகல்கள் இருந்தனவே? இருந்தன. ஆனால் எல்லாம் ஒரே மென்பொருளின் ஆணைக்குக் கட்டுப்பட்டவை. பிழை அவற்றையும் பாதித்தது. காப்பாற்றியவை தொடர்பறுத்து வைத்திருந்த காந்த நாடாக்கள். அலமாரியில் கிடக்கும் நாடாவுக்குக் காது கிடையாது; தவறான ஆணையும் அதற்குக் கேட்காது!

இதையெல்லாம் படித்திருந்ததால், எங்கள் கல்லூரி சர்வரை மாற்றியபோது பதிவேட்டின் நகல் ஒன்றை நாடாவில் எழுதி, இயற்பியல் துறை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினோம். அப்படியும் ஒரு தவறு செய்தோம். எங்களிடம் நாடாவைப் படிக்கும் இயந்திரங்கள் இரண்டு. பழைய முறைமை 'ஒன்று' என்று அழைத்ததைப் புதியது 'இரண்டு' என்று அழைத்தது. இயந்திரக் கை நாடாவை ஒன்றில் செருக, சர்வர் மற்றதன் வாசலில் காத்துக்கொண்டிருந்தது. பெயரை நம்பாமல், ஒவ்வோர் இயந்திரத்துக்கும் உள்ள வரிசை எண்ணைக் கொண்டு அடையாளம் சொல்லியிருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு முழுப் பிற்பகல் பிடித்தது.

பிறகு சோதனை. நாலைந்து நாடாக்களிலிருந்து ஆளுக்கொரு பழைய கோப்பை வரவழைத்தோம். எனக்கு வந்தது ஒரு மாணவனின் தனி ஊசல் அளவீடுகள். புவியீர்ப்பு முடுக்கம் 9.2 என்று கணக்கிட்டிருந்தான். அன்றைக்கு நான் அவனைக் கடிந்துகொண்டது நினைவிருக்கிறது. அந்த 9.2 ஓர் இலக்கமும் மாறாமல் திரையில் நின்றது!