நுரையீரல் தழும்பும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வும்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழ்வோர் முகத்துவாரத்தின் அருமையை நன்கு அறிவர். மணல் மேடிட்டு அது தூர்ந்தால் கடல்நீர் ஏரிக்குள் வருவது தடைப்படும், மீன்வரத்தும் குறையும். நுரையீரல் தழும்பு நோயில் நிகழ்வதும் ஏறத்தாழ இத்தகையதே. காற்று நுண்ணறைகளின் மெல்லிய சுவர் தடித்து இறுகுவதால், மூச்சுக்காற்றிலுள்ள ஆக்சிஜன் இரத்தத்தில் கலப்பது கடினமாகிறது. வறட்டு இருமலும், வலை இழுக்கும்போது மூச்சுத் திணறலும் தோன்றுகின்றன.

தழும்பு என்பது புண்ணை ஆற்ற உடல் செய்யும் ஏற்பாடே. சில உயிரணுக்கள் கூடி, கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை உண்டாக்கிக் காயத்தை மூடுகின்றன. பணி முடிந்ததும் அவை அடங்க வேண்டும். இந்நோயில் அவை அடங்குவதில்லை. அதற்கான காரணங்களுள் ஒன்று மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் நிலைகுலைவு.

புரதம் செய்வதற்கான கட்டளை, மரபணுவிலிருந்து தூது ஆர்.என்.ஏ. வழியே செல்கிறது. சுமார் 22 எழுத்துகளே நீளமுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ., அத்தூதின்மீது ஒட்டிக்கொண்டு கட்டளையை மட்டுப்படுத்துகிறது. 1993-ஆம் ஆண்டு ஒரு சிறு புழுவில் இதனை வெளிப்படுத்திய ஆய்வுக்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் ஆகிய இருவரும் 2024-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.

இவற்றுள் 29 என்னும் எண்ணுடையது கொலாஜன் உற்பத்தியை அடக்குவது. தழும்புற்ற நுரையீரலில் இது குறைந்து காணப்படுகிறது. 21 என்னும் எண்ணுடையதோ மிகுந்து காணப்படுகிறது. தழும்பைத் தூண்டும் சமிக்ஞைக்குத் தடையாக நிற்கும் புரதத்தையே இது அடக்கிவிடுகிறது. ஆகவே தழும்பு மேலும் பரவுகிறது.

குறைந்த 29-ஐ ஈடுசெய்யும் மருந்து எலிகளில் தழும்பைக் குறைத்துள்ளது. எனினும் மனிதரின் நுரையீரல் தழும்புக்கு இவ்வகை மருந்து எதுவும் இன்னும் அங்கீகரிக்கப்படவில்லை. அவ்வாறு குணப்படுத்துவதாகக் கூறுவோரிடம் பணத்தை இழக்க வேண்டாம்.

இன்று பயன்படும் பிர்பெனிடோன், நின்டெடானிப் ஆகிய மருந்துகள் நோய் பெருகும் வேகத்தைக் குறைக்கும். ஏற்கெனவே உள்ள தழும்பைக் கரைக்கா. மூச்சுத் திணறல் முற்றிலும் நீங்கவில்லையே எனக் கருதி அவற்றைத் தாமாக நிறுத்துதல் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, பசியின்மை ஏற்பட்டால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

நீடித்த இருமலைக் காசநோய் என்று தாமே முடிவுசெய்து கொள்ளாமல், சளிப் பரிசோதனையும், தேவைப்பட்டால் மார்பு சி.டி. ஸ்கேனும், மூச்சுத் திறன் சோதனையும் செய்துகொள்ளுங்கள். புகைபிடித்தல், விறகுப் புகை, புறா எச்சம், பூஞ்சை படர்ந்த ஈரச்சுவர் ஆகியவை வீட்டில் இருப்பின் மருத்துவரிடம் மறையாமல் கூறுங்கள். அவற்றை அகற்றுவது குடும்பத்தார் இன்றே செய்யக்கூடிய உதவியாகும்.