வேலியோரத்து உறவினர்

நாகர்கோயிலையும் திருவனந்தபுரத்தையும் இணைக்கும் இருப்புப்பாதை 1979-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அப்பாதையில் நாள்தோறும் எழுத்தர் பணிக்குச் சென்று மீளும் நமக்கு, வண்டியின் சாளரமே ஒரு தாவரச் சாலை. மழை ஓய்ந்த நாள்களில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையில், விதைப்பாரும் நீர் வார்ப்பாருமின்றி எத்தனை பூக்கள் மலர்ந்து நிற்கின்றன! அவற்றின் பெயர் அறியாமலேயே நாம் பல ஆண்டுகள் கடந்து சென்றோம். பெயர் அறியாமை எத்துணைக் கேடு தரவல்லது என்பதைச் சென்ற மார்கழித் திருவாதிரை நாளன்றுதான் உணர்ந்தோம்.

அன்று காலை நம் இல்லத்தில் களியும் ஏழுகறிக் கூட்டும் ஆக்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நம் மூத்த மகன் பின்வேலியைச் செம்மை செய்யும்போது மண்ணிலிருந்து சில கிழங்குகளைத் தோண்டியெடுத்து, "அம்மா, கூட்டுக்கு ஆகும்" என்று முறத்தில் இட்டான். நம் இல்லத்தரசியார் மதுரை நகரில் பிறந்து வளர்ந்தவர். காட்டுக் கிழங்கு இன்னதென்று அறியார். அவ்வேளையில் அண்டை வீட்டு மூதாட்டியார் இரவில் சூடுவதற்கான பூக்களைத் தேடி வேலியோரம் வந்தார். முறத்தைக் கண்டதும் "மேந்தோன்னி! மேந்தோன்னி!" என்று அலறினார். அச்சொல் நம்மவர்க்கு விளங்கவில்லை. மூதாட்டியார் விளக்கம் கூறிக்கொண்டு நில்லாமல், முறத்தையே பறித்துக் கவிழ்த்துவிட்டார்.

மேந்தோன்னி என்பது வேறன்று. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளே. பூத்திருந்தால் நாம் எளிதில் அறிந்திருப்போம். ஆனால் மழைக்காலத்தில் சுடர்போல் மலரும் இக்கொடி, கோடைக்கு முன்னரே வாடி மறைய, கிழங்கு மட்டும் மண்ணில் உறங்கும். கலப்பை வடிவில் இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும், கண்வலிக்கிழங்கு என்றும் நம் சிற்றூர்களில் வழங்குவர். அதிலுள்ள கோல்சிசின் என்னும் பொருள் உயிரைக் குடிக்கும் நஞ்சு. ஆயினும் அதனையே அளவறிந்து பிரித்தெடுத்து, கீல்வாத நோய்க்கு மருந்தாகவும் மருத்துவர் தருகின்றனர். திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் இதன் விதைக்காகவே உழவர் பயிரிடுகின்றனர். "கண்வலிக்கிழங்கு" என்று அம்மூதாட்டியார் கூறியிருப்பின், தம் பாட்டி சொல்லக் கேட்ட பெயராயிற்றே என்று நம் இல்லத்தரசியாரும் அக்கணமே அஞ்சி விலகியிருப்பார். ஒரே செடிக்கு இரு மொழியில் இரு பெயர். அவ்விரண்டின் இடைவெளியில் ஒரு குடும்பத்தின் உயிர் ஊசலாடியது.

மறுநாள் நாம் அம்மூதாட்டியாரிடம் நன்றி கூறச் சென்றோம். அவர் முதல் நாள் தேடிய பூக்களைப் பற்றி வினவினோம். மலையாள நாட்டு மகளிர் திருவாதிரை நள்ளிரவில் சூடும் அவற்றிற்குத் தசபுஷ்பம் என்று பெயர். பத்தின் பெயரையும் அவர் சொல்லச் சொல்ல நமக்கு வியப்பு மேலிட்டது. கறுக என்பது நம் அறுகம்புல். செறூள என்பது சிறுபீளை. கய்யோன்னி என்பது கரிசலாங்கண்ணி. உழிஞ்ஞ என்பது முடக்கொற்றான். முயல்செவியன் என்பது முயற்செவி. திருதாளி என்பது தாளிக்கொடி. முக்குற்றி என்பது தொட்டால் இலை மடியும் நிலச்சுருங்கி. பூவாங்குறுந்தல், நிலப்பனை, விஷ்ணுகிராந்தி ஆகிய மூன்றும் இரு மொழியிலும் ஏறக்குறைய ஒரே பெயர் தாங்குவன.

இவை வாழும் இடமும் வெவ்வேறு. கரிசலாங்கண்ணி வயல்வரப்பின் ஈரத்தை நாடும். விஷ்ணுகிராந்தி வெயில் படும் வறண்ட நிலத்தில் நீலப்பூப் பூக்கும். நிலப்பனையும் நிலச்சுருங்கியும் மரநிழலில் மஞ்சள் மலர் காட்டும். முடக்கொற்றானும் தாளியும் வேலி மேல் படரும். கரிசலாங்கண்ணி கூந்தல் தைலத்திற்கும், முடக்கொற்றான் மூட்டு வலிக்குரிய தோசைக்கும் துவையலுக்கும் நம்மவர் பயன்படுத்துவனவே. சிறுபீளையை நாம் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோம்; இந்நாட்டவர் முன்னோர்க்குப் பலியிடும் கிரியையில் வைக்கின்றனர். செடி ஒன்று, மதிப்பும் ஒன்று. சடங்கு மட்டும் வேறு.

பழந்தமிழர் போர்த்திணைகளுக்குப் பெயர் தந்த வெட்சியும் உழிஞையும் தும்பையும் இந்நகரின் வேலியோரத்தில் இன்றும் நிற்கின்றன. வெட்சியை இங்குத் தெற்றி என்பர். தும்பை ஓணப் பூக்களத்தின் வெண்மலர். 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் விண்ணேகிய தும்பா என்னும் கடற்கரைச் சிற்றூரும் இச்செடியால் பெயர் பெற்றதென்பர்.

மக்கள் அறிந்த பெயருக்கும் பயனுக்கும் உரிய மதிப்பளித்த செய்தியும் இம்மாவட்டத்திலேயே உண்டு. 1987-ஆம் ஆண்டில் அகத்தியர் மலைக் காட்டில் ஆராய்ச்சியாளருக்கு வழிகாட்டிய காணி மக்கள், களைப்பறியாமல் நடக்கத் தாம் உண்ணும் ஆரோக்கியப் பச்சையின் காயை அவர்களுக்கும் அளித்தனர். அதினின்று பாலோட்டுத் தாவர ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய 'ஜீவனி' என்னும் மருந்தின் உரிமத்தொகையில் பாதி, காணி மக்களின் அறக்கட்டளைக்குச் சேருமாறு வகுக்கப்பட்டது.

இதற்கு மாறாக, அறிந்த பூவும் ஆபத்தாகலாம். அரளி நஞ்சென்பதால் 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அதனை விலக்கியது. ஆகவே, அறியாத இலையையோ கிழங்கையோ அடுப்பில் ஏற்றலாகாது. பிறர் சொன்ன பச்சிலையை மருத்துவரைக் கேளாது உண்ணலாகாது. தவறி உண்டால் செடியின் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

வேலிகள் மதில்களாக மாறிவரும் காலம் இது. பத்துப் பூவும் ஓரிடத்தில் கிடைப்பதரிது என்று அம்மூதாட்டியார் வருந்தினார். சங்க அன்பர்கள் ஒரு விடுமுறை நாளில் தம் மக்களை அழைத்துக்கொண்டு வேலியோரம் நடந்து, ஒவ்வொரு செடிக்கும் இரு பெயரும் சொல்லித் தருவார்களாக. ஐயம் வந்தால் அண்டை வீட்டு முதியோரைக் கேட்கத் தயங்க வேண்டா. நம் மகன் இப்போது செங்காந்தளுக்கு உரிய மூன்று பெயர்களையும் மறவாமல் சொல்கிறான். அவனுக்கு அதனைக் கற்பித்த பாட்டி, தமிழ் அறியாதவர்.