கடப்பாரையும் கடல் நட்சத்திரமும்

மக்கா விரிகுடா, வாஷிங்டன் மாநிலம், அமெரிக்கா. மக்கா பழங்குடியினரின் கரை.

1963 முதல், ஓதம் வற்றும்போதெல்லாம் சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் (1933–2016) இங்கே கடப்பாரையோடு இறங்குவார். பாறையில் ஒட்டியிருந்த கடல் நட்சத்திரங்களைப் பெயர்த்து அலைக்குள் வீசுவார். பார்த்தவருக்கு வீண்வேலையாகத் தோன்றியிருக்கும்.

கடல் நட்சத்திரங்கள் போனபின், தின்ன ஆளில்லாத மட்டிகள் பரவின. கொட்டலசுக்கும் பாசிக்கும் இடமில்லை. 15 இனங்கள் வாழ்ந்த பாறையில் எட்டே மிஞ்சின. 1966இல் இதுபற்றிய அவரது கட்டுரை வெளியானது. கட்டட வளைவில் மற்றவற்றைப் பிடித்து நிறுத்தும் உச்சிக்கல்லின் பெயரையே 1969இல், இந்தக் கடல் நட்சத்திரம்போல் மற்ற உயிர்களைத் தாங்கிநிற்கும் உயிரினத்துக்குச் சூட்டினார். கடல் நீர்நாய், ஓநாய் ஆய்வுகளிலும் அச்சொல் புகுந்தது.

அவரிடம் பயின்ற ஜேன் லுப்சென்கோ 2009இல் அமெரிக்கப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகத்தின் தலைவரானார்.