உப்பு நீரைக் குடிக்கும் காடு

சிதம்பரத்திலிருந்து கிழக்கே கிள்ளை வழியாக ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால் பிச்சாவரம் வரும். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இவ்விரண்டின் கழிமுகங்களுக்கு நடுவே சுமார் 1,100 எக்டேர் பரப்பில் ஒரு சதுப்புநிலக் காடு. சுற்றுவட்டாரத்தார் இதைச் சுரபுன்னைக் காடு என்பர். அலையாத்திக் காடு என்ற பெயரும் உண்டு. துடுப்புப் படகில் ஏறிக் குறுகலான வாய்க்கால்களுக்குள் நுழைந்தீர்களானால், தலைக்கு மேலே கிளைகள் பந்தலிட்டிருக்கும். கொக்கும் மீன்கொத்தியும் கண்ணில் படும். கரைச் சேற்றில், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சின்னஞ்சிறு நண்டுகள் வளைக்குள் ஓடி மறையும்.

மாணவ நண்பர்களே, வேடிக்கை பார்க்கும்போதே ஒரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக் கத்தரிச் செடிக்குக் கடல் நீரை ஊற்றினால் அது வாடிவிடுகிறது. இம்மரங்களின் வேர்களோ கடல் நீர் வந்து போகும் சேற்றிலேயே ஊறிக் கிடக்கின்றன. இவை எவ்வாறு பிழைக்கின்றன?

மாங்காய்த் துண்டுகளில் உப்பைப் பிசறி வைத்தால் சிறிது நேரத்தில் நீர் விட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு மிகுந்த பக்கத்திற்கு நீர் சவ்வைக் கடந்து செல்கிறது. இதுவே சவ்வூடு பரவல். கத்தரிச் செடிக்கு நேர்ந்ததும் இதுதான். இதைத் தலைகீழாக நடத்தி, கடல் நீரிலிருந்து நல்ல நீரை இழுக்க வேண்டுமானால் சுமார் 25 வளிமண்டல அழுத்தத்தை மீற வேண்டும். இது 250 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தின் அழுத்தம். சிதம்பரம் கோயில் கோபுரம் ஒன்றின் உயரம் சுமார் 40 மீட்டர். ஆறு கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள்! நெம்மேலியில் 2013-இல் திறக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் இவ்வேலையைச் செய்யப் பெரிய மோட்டார்கள் இயங்குகின்றன.

சுரபுன்னைக்கு மோட்டார் ஏது? வெயிலில் இலைகளிலிருந்து நீர் ஆவியாகிறது. அந்த இழப்பு, மரத்தின் நுண்குழாய்களில் உள்ள நீரை மேல்நோக்கி இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதால் அந்த நீரிழை அறுந்துபோவதில்லை. வேரின் சவ்வுகள் நீரை உள்ளே விட்டு, உப்பில் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிடுகின்றன. 1965-இல் ஷோலாண்டர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இந்த இழுவிசையை அளந்தனர். இலையுள்ள கிளையை ஓர் அழுத்தக் கலத்தினுள் வைத்து, வெட்டிய நுனியை மட்டும் வெளியே நீட்டி, வாயுவின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். நுனியில் நீர் எட்டிப்பார்க்கும் தருணத்தில் உள்ள அழுத்தமே மரத்தின் இழுவிசைக்குச் சமம். கடலோரச் சதுப்புநில மரங்களில் அது 30 வளிமண்டலத்தையும் தாண்டியது. எவ்வளவு எளிய சோதனை!

வெண்கண்டல் மரத்தின் வழி சற்று வேறு. அது கொஞ்சம் உப்பை உள்ளே விட்டு, பின்னர் இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. வறண்ட நாளில் அவ்விலைமீது உப்புப் படிகங்கள் மின்னும். கைலென்சு கொண்டு போங்கள். ஆனால் தில்லை மரத்தை ஒடிக்காதீர்கள். சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் இதுவே. இதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

நீர் கிடைத்தால் போதுமா? காற்று வேண்டாமா? நீர் தேங்கிய சேற்றில் ஆக்சிஜன் அநேகமாக இல்லை. ஆகவே வெண்கண்டலின் சுவாச வேர்கள் பென்சில்களை நட்டு வைத்தாற்போல் மேல்நோக்கி நிற்கின்றன. சுரபுன்னையின் முட்டு வேர்களிலும் நுண்துளைகள் உண்டு. அத்துளைகளை மசகு பூசி அடைத்தபோது, சேற்றினுள் இருந்த வேரில் ஆக்சிஜன் இரண்டே நாளில் வற்றிப்போனதை 1955-இல் இதே ஷோலாண்டர் கண்டார்.

இத்தனை திறமை இருந்தும் இக்காட்டின் ஒரு பகுதி அழிந்தது. ஆங்கிலேயர் காலம் முதல் 1970-கள் வரை இங்கே மரங்களைப் பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டி எடுத்தார்கள். தானே மீண்டும் முளைத்துவிடும் என்பது கணக்கு. முளைக்கவில்லை. நிழல் போனதும் வெயிலில் சேறு உலர்ந்து தாழ்ந்தது. நிலம் தாம்பாளம்போல் நடுவில் குழிந்தது. ஓதத்தில் ஏறிய நீர் வற்றத்தின்போது வடியாமல் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக ஆவியாக, மிஞ்சியது உப்பு. கடல் நீரைத் தாங்கும் நாற்றுக்கூட அதைவிடப் பன்மடங்கு உப்பைத் தாங்க இயலாதல்லவா? 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் காரணத்தை உணர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டின. ஓதநீர் வந்து போகத் தொடங்கியது, உப்பு குறைந்தது, நட்ட வெண்கண்டல் பிழைத்தது. மரம் நடுவதற்கு முன் நீரோட்டத்தைச் சரிசெய்ததே இதில் முக்கியம் என்பேன்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது இக்காடு மக்களைக் காத்தது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக அறிஞர்கள் இக்கரையோரத்தின் 18 குப்பங்களை ஆராய்ந்து, 2005-இல் அவ்வாறே முடிவு கூறினர். அதே புள்ளிவிவரங்களை மீண்டும் கணக்கிட்ட வேறு சிலர், தரையின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமுமே பெரும் காரணங்கள் என்று 2006-இல் மறுத்தனர். காடு இருந்த இடங்கள் பெரும்பாலும் கடலுக்குச் சற்றுத் தள்ளியே இருக்கின்றன. அப்படியானால் தூரத்தின் பங்கையும் மரத்தின் பங்கையும் எப்படிப் பிரித்து அளப்பது? உங்கள் இயற்பியல் ஆசிரியரோடு விவாதித்துப் பாருங்கள்.