மகளிடம் பாடம் கேட்கும் தந்தை

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் முதலிய பகுதிகளில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. சென்ற ஆண்டு தருமபுரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்து சேர்ந்த குடும்பங்களும் உண்டு. வந்த காலம் எதுவாயினும் வந்த நோக்கம் ஒன்றே. நம் மக்கள் நம்மினும் நன்றாக வாழவேண்டும் என்பதே அது. இதற்காகத் தந்தையர் படும் பாடு சிறிதன்று. ஆயினும், யாருக்காகப் பாடுபடுகிறோமோ அவர்களோடு, சிறப்பாக நம் பெண்மக்களோடு, நமக்குள்ள நெருக்கம் நாளுக்கு நாள் குறைந்து வருகிறதே, அது ஏன்? இதனை இம்மாதம் அன்பர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்று. தந்தை ஒரு பட்டறையில் ஃபிட்டர், வேலூர்ப் பக்கத்தவர். இந்நகருக்கு வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. கன்னடம் பேசுவார், படிக்கத் தெரியாது. மகள் அப்போது எட்டாம் வகுப்பு. சிறுமியாக இருந்தபோது தந்தையின் குரல் கேட்டதும் வாசலுக்கு ஓடிவந்தவள், பன்னிரண்டு வயதுக்குப் பின் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். 'பெண் வளர்ந்துவிட்டாள், அடக்கம் வந்துவிட்டது' என்று தந்தை மகிழ்ந்தார்.

ஒருநாள் ரேஷன் அட்டையைத் தேடியபோது, மகளின் பழைய நோட்டுப் புத்தகத்தினுள் மடித்து வைத்திருந்த தாள் ஒன்று அகப்பட்டது. கன்னடத்தில் அச்சிட்ட தாள். பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டிப் படிக்கச் சொன்னார். பேச்சுப் போட்டிக்காக மாணவியரை மைசூருக்கு அழைத்துச் செல்வதாகவும், அவருடைய மகள் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாகவும், தந்தை இசைந்து கையொப்பம் இடவேண்டும் என்றும் பள்ளியிலிருந்து வந்த கடிதம் அது. நாள் கடந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. கையொப்பம் இடவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"ஏனம்மா என்னிடம் காட்டவில்லை?" என்று கேட்டார்.

"காட்டினேன் அப்பா. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். மைசூர் என்றதுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். அதற்குப் பிறகு எதையும் கேட்கத் தோன்றவில்லை" என்றாள் மகள்.

தம் மகள் மேடையில் பேசக்கூடியவள் என்பதையே அவர் அன்றுதான் அறிந்தார். "சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைந்தால் எனக்கு உடனே தெரியும். பெண்ணின் பேச்சு குறைந்தது இரண்டு ஆண்டுகளாகத் தெரியவில்லையே" என்று நம்மிடம் கூறி வருந்தினார்.

காரணங்கள் மூன்று

இது ஒரு வீட்டில் மட்டும் நடப்பதன்று. முதற் காரணம் நேரமின்மை. கோலார் தங்கவயலை எண்ணிப் பாருங்கள். அங்கே 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கு வேரூன்றிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல அவ்வூரை விட்டு அகலவில்லை. அக்குடும்பங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் மாரிக்குப்பத்திலும் பிற நிலையங்களிலும் ரயிலேறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடந்து பெங்களூருக்கு வந்து வேலை செய்து, இரவில் வீடு திரும்புகின்றனர். தந்தை புறப்படும்போதும் பிள்ளைகள் உறக்கம், திரும்பும்போதும் உறக்கம். நகருக்குள்ளேயே வாழ்வோரிலும் பலருக்கு இதே நிலைதான். ரயிலுக்குப் பதிலாகப் போக்குவரத்து நெரிசல் அவர்களுடைய மாலைப் பொழுதை விழுங்கிவிடுகிறது.

இரண்டாவது காரணம் மொழி. தந்தையின் கன்னடம் கடைத்தெருவில் கற்றது. மகளின் கன்னடம் பள்ளியில் கற்றது. வங்கியில் படிவம் நிரப்புவதும், மருத்துவமனையில் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வதும், மின்கட்டண ரசீதை விளக்குவதும் பல வீடுகளில் மகளின் பொறுப்பாகிவிட்டன. வெளியே சென்றால் அவள் சொல்வதைக் கேட்டு நடக்கின்ற நாம், வீட்டுக்குள் நுழைந்ததும் 'உனக்கு ஒன்றும் தெரியாது' என்று வாயை அடைக்கிறோம். வெளியில் நமக்கு வாயாக இருப்பவளுக்கு வீட்டில் வாயில்லாமற் போவது முறையாகுமா?

மூன்றாவது காரணம் அச்சம். அயலூர், பெரிய நகரம், பெண் பிள்ளை. ஆகவே தந்தையின் அன்பு முழுவதும் காவலாக மாறிவிடுகிறது. காவல் வேண்டா என்று நாம் கூறவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். பேருந்தில் ஒருவன் தொல்லை கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 'அப்பாவிடம் சொன்னால் பள்ளியை நிறுத்திவிடுவார்' என்று அஞ்சும் பெண் அதனை யாரிடம் சொல்வாள்? சொல்லாமலே பொறுத்துக்கொள்வாள், அல்லது சொல்லத் தகாதவர்களிடம் போய்ச் சொல்வாள். நம் காவல் அவளைக் காக்கவேண்டுமாயின், நடந்ததை முதலில் நம்மிடம் சொல்லும் துணிவு அவளுக்கு இருக்கவேண்டும். அத்துணிவை நாம் அல்லவோ தரவேண்டும்?

இரு தந்தையர் காட்டிய வழி

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். தந்தை நாராயணசாமி ஐயர், அங்குள்ள மகாராஜா கல்லூரியின் முதல்வர். பருவமெய்திய பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அந்நாளில் இல்லை. தாயாருக்கோ விரைவில் மணம் முடிக்கவேண்டும் என்னும் கவலை. தந்தை வீட்டிலேயே அமர்ந்து மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். கல்லூரியில் பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தபோது, புதுக்கோட்டை மன்னரின் ஆதரவால் இடம் கிடைத்தது. 1912ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்ற அம்மையார், 1954ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியதை நாடு அறியும்.

அதே 1886ஆம் ஆண்டில் மயிலாப்பூரில் பிறந்தவர் சகோதரி சுப்பலட்சுமி. சிறு வயதிலேயே மணமாகிச் சிறு வயதிலேயே கணவனை இழந்தார். அக்காலத்தில் அத்தகைய சிறுமியருக்கு வாய்த்தது ஓர் இருட்டறையும் ஓயாத பழிச்சொல்லுமே. தந்தை சுப்பிரமணிய ஐயர் ஊராரின் ஏச்சைப் பொருட்படுத்தாது மகளைப் படிக்க வைத்தார். 1911ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்ற அம்மையார், தம்மைப் போன்ற இளங் கைம்பெண்கள் தங்கிப் படிக்க அடுத்த ஆண்டிலேயே இல்லம் அமைக்கும் பணியைத் தொடங்கினார்.

'அவர்கள் கற்றவர்கள், தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார்கள், வழிகாட்டினார்கள். நாங்கள் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?' என்று நம் தொழிலாளத் தோழர்கள் கேட்கலாம். அத்தந்தையர் தம் பெண்களுக்குத் தந்தவற்றுள் கல்வி ஒன்று. மற்றொன்று தம் பொழுது. தந்தை தனக்காக உட்காருகிறார் என்று கண்ட பெண்ணுக்குத் தன் மதிப்பு தெரிந்தது. அது எல்லாத் தந்தையராலும் இயலும். கற்றவர் மகளுக்குப் பாடம் சொல்லட்டும். கல்லாதவர் மகளிடம் பாடம் கேட்கட்டும்.

செய்யத்தக்கவை

நாள்தோறும் இரவு உணவுக்குப் பின் இருபது நிமிடம் மகளுக்கென்று ஒதுக்குங்கள். அந்நேரத்தில் கைப்பேசியை அலமாரியில் வைத்துவிடுங்கள். நாள்தோறும் இயலாதார் ஞாயிற்றுக்கிழமைக் காலையையாவது ஒதுக்கலாம். அல்சூர் ஏரிக்கரையிலோ லால்பாக்கிலோ அவளோடு நடந்து வரலாம். 'எத்தனை மதிப்பெண்?' என்னும் கேள்வியோடு தொடங்காதீர்கள். 'இன்று வகுப்பில் யார் சிரிக்க வைத்தார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு தானே வளரும்.

அவள் ஒன்று கேட்டால் உடனே மறுக்காதீர்கள். 'நாளைக்குச் சொல்கிறேன்' என்று கூறி, மறுநாள் மறவாமல் சொல்லுங்கள். மறுக்க நேர்ந்தால் காரணத்தைக் கூறுங்கள். பணமில்லை என்பது காரணமாயின் அதனையும் ஒளிக்காமல் கூறலாம். வீட்டு நிலைமை அவளுக்கும் தெரியும். நீங்கள் தவறு செய்திருந்தால் 'தவறுதான் அம்மா' என்று சொல்லுங்கள். அதனால் தந்தையின் மதிப்பு குறையாது.

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே தனித்து வாழும் தந்தையரும் நம்மிடையே பலர். அவர்களுக்கு ஜவாஹர்லால் நேருவை நினைவூட்டுகிறோம். 1928ஆம் ஆண்டுக் கோடையில் பத்து வயது மகள் இந்திரா மலையூராகிய முசோரியில் இருந்தபோது, அலகாபாத்திலிருந்த நேரு உலகம் தோன்றிய வரலாற்றைக் கடிதம் கடிதமாக அவருக்கு எழுதினார். பின்னர்ச் சிறையிலிருந்தும் எழுதினார். நாம் வரலாறு எழுதவேண்டுவதில்லை. பட்டறையில் இன்று என்ன செய்தோம், தெருவில் என்ன கண்டோம் என்று மாதம் இருமுறை மகளுக்கெனத் தனியாக எழுதலாம். தொலைபேசியில் பேசும்போதும் 'சாப்பிட்டாயா, படித்தாயா, அம்மாவிடம் கொடு' என்று முடித்துவிடாமல், அவள் பேசி முடிக்கும் வரையில் கேட்கலாம்.

மீண்டும் அந்த வீடு

வேலூர் நண்பர் என்ன செய்தார்? மகளிடம் ஒரு சிலேட்டைக் கொடுத்து, "எனக்குக் கன்னட எழுத்தைக் கற்றுக்கொடு அம்மா" என்றார். முதலில் அவள் நம்பவில்லை. மறுநாளும் அவர் வந்து உட்கார்ந்தபோதுதான் நம்பினாள். தமிழில் ஒரே ககரம் எழுதிப் பழகிய கை, கன்னடத்தின் நான்கு ககரங்களில் தடுமாறியது. மகள் சிரித்தாள், தந்தையும் சிரித்தார். கன்னடத்திலும் தந்தை 'அப்ப'தான், மகள் 'மகளு'தான் என்று கண்டு இருவரும் வியந்தார்கள். எழுத்துப் பாடத்தினிடையே பள்ளிக் கதை வந்தது; தோழியர் கதை வந்தது; பேருந்து நிறுத்தத்தில் நிற்க அஞ்சுவதும் ஒருநாள் வந்தது. தந்தை சினந்து எழவில்லை. இருவரும் கலந்து பேசி, தோழியரோடு வேறு நிறுத்தத்தில் ஏறுவது என்று முடிவு செய்தார்கள்.

அடுத்த ஆண்டும் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. இம்முறை தந்தையே அதனை எழுத்துக் கூட்டிப் படித்தார். கால்மணி நேரம் ஆயிற்று. யார் உடன் செல்கிறார்கள், எங்கே தங்குவார்கள் என்று ஆசிரியையிடம் நேரில் சென்று கேட்டறிந்தார். பிறகு கன்னட எழுத்தில் கையொப்பம் இட்டார். போட்டியில் அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் திரும்பி வந்த அன்று இரவு பதினொரு மணி வரையில் அங்கு நடந்ததையெல்லாம் தந்தைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்பர்களே! நம் வீட்டுப் பெண்ணின் புத்தகப் பையிலும் நாம் படிக்காத தாள் ஒன்று இருக்கக்கூடும். இன்றிரவு அவளருகே அமர்ந்து, அது என்னவென்று அன்போடு கேட்போமாக.