உங்க ஊர் விக்கிப்பீடியாவில் எங்கே இருக்கு?

புதுப்பட்டி. தமிழ்நாட்டில் இந்தப் பெயரில் எத்தனை ஊர் இருக்கும்னு நினைக்கிறீங்க? எனக்கும் சரியான எண்ணிக்கை தெரியாது. ஆனா ஒண்ணுக்கு மேல இருக்குங்கிறதை, என் பெரியப்பா மனு எழுதினப்போதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி ஒழுகுதுன்னு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்க அவர் ஒரு மனு எழுதினார். "நம்ம ஊரு எந்த ஒன்றியத்துலடா வருது?" என்று போனில் கேட்டார். நானும் தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து, ஊர்ப் பெயரைத் தட்டி, முதலில் வந்த பக்கத்தைப் பார்த்துச் சொல்லிட்டேன். அது வேறு மாவட்டத்துப் புதுப்பட்டி! ஆட்சியர் அலுவலக வரிசையில் பக்கத்தில் நின்றவர் மனுவை வாங்கிப் படிச்சுட்டுச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. தப்பு விக்கிப்பீடியா மேல இல்லை, நான் தேடின விதத்தில்.

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் உள்ளன. நம் மாநிலத்தின் கிராம ஊராட்சிகளில் ஏராளமானவற்றுக்குத் தனிப் பக்கமே உண்டு. ஊர் எந்தச் சட்டமன்றத் தொகுதி, எந்த மக்களவைத் தொகுதி, 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை எவ்வளவு, குடிநீர் இணைப்புகள், கைக்குழாய்கள், குளங்கள், ஊராட்சிச் சாலைகள் எத்தனை என்றெல்லாம் அதில் இருக்கும். கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கு, தேடத் தெரியணும்.

தேடல் பெட்டியில் எழுத எழுதவே கீழே ஒரு பட்டியல் விழும். அது பெரும்பாலும் தலைப்புகளை மட்டும் காட்டுவது; கட்டுரைக்கு உள்ளே இருக்கும் சொற்களை அதில் எதிர்பார்க்காதீங்க. அந்தப் பட்டியலில் முதலில் கண்ணில் பட்டதைத் தொட்டதுதான் நான் செய்த தவறு. பட்டியலை விட்டுவிட்டு விசைப்பலகையில் உள்ள தேடல் பொத்தானை அழுத்துங்க. அப்போதும் அதே தலைப்பில் ஒரு பக்கம் இருந்தால் நேராக அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடும். அதைத் தடுக்க, சொல்லுக்கு முன்னால் ~ குறியைப் போடுங்க. ~புதுப்பட்டி என்று தேடினால் முடிவுகள் முழுப் பட்டியலாக வரும்.

பட்டியல் நீளமா இருந்தா இன்னொரு சொல்லைச் சேர்க்கணும். புதுப்பட்டி ஊராட்சி என்று எழுதி, பக்கத்துப் பெரிய ஊரின் பெயரையும் சேர்த்துப் பாருங்க. இங்கே ஒரு சிக்கல். நாம் ஒன்றியம் என்று சொல்வதை, பல ஊராட்சிப் பக்கங்கள் வட்டாரம் என்று எழுதியிருக்கின்றன. அதனால் ஒன்றியம், வட்டாரம் எதையும் சேர்க்காமல் பெயரை மட்டும் போடுவது நல்லது.

இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதினால் சொற்கள் அதே வரிசையில் சேர்ந்து வரும் பக்கங்கள் மட்டும் கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அது ஜோராக வேலை செய்யும். தமிழில் வேற்றுமை உருபு குறுக்கே வந்து நிற்கும். "தென்காசி மாவட்டம்" என்று மேற்கோளுக்குள் தேடினால், "தென்காசி மாவட்டத்தில்" என்று எழுதியிருக்கும் பக்கம் சிக்காமல் போகலாம். அதுக்கு உடுக்குறி கைகொடுக்கும். மேற்கோள் இல்லாமல் தென்காசி மாவட்ட* என்று எழுதினால் மாவட்டம், மாவட்டத்தில், மாவட்டத்தின் எல்லாமே வரும். வாக்காளர் போலப் புள்ளியில் முடியும் சொல்லாக இருந்தால், அந்தப் புள்ளியை எடுத்துவிட்டு வாக்காளர* என்று போடுங்க. வாக்காளரின், வாக்காளர்கள் எல்லாம் அதில் அடங்கிவிடும். இதை மட்டும் பழகிக்கிட்டாலே பாதித் தேடல் சுலபமாயிடும்.

வேண்டாத ஊரைத் தள்ள, அதன் பெயருக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி: புதுப்பட்டி -மதுரை. ஆனால் உங்க ஊர்ப் பக்கத்தில் எங்காவது ஒரு வரியில் மதுரை வந்திருந்தால் அதுவும் சேர்ந்தே போய்விடும், கவனம்.

தேடியது வரவே இல்லையா? எழுத்துக்கூட்டலைச் சந்தேகப்படுங்க. விக்கிப்பீடியாவில் ராமநாதபுரம் இராமநாதபுரமாகவும், ஸ்ரீவில்லிபுத்தூர் திருவில்லிபுத்தூராகவும் இருக்கும். ரயில் நிலையத்தைத் தொடருந்து நிலையம் என்றும், விமான நிலையத்தை வானூர்தி நிலையம் என்றும் எழுதுவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹைட்ரஜன் பற்றித் தேடுகிறீர்களா? ஐதரசன் என்றும் போட்டுப் பாருங்க. புழக்கத்தில் உள்ள பெயரிலிருந்து சரியான பக்கத்துக்குப் பல இடங்களில் வழிமாற்று வைத்திருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் இருக்காது.

மாவட்டத்தின் பெயரும் காலை வாரும். 2019-ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு மாவட்டங்கள் உருவாயின, 2020-ல் மயிலாடுதுறை. சில பக்கங்களில் இன்னும் பழைய மாவட்டமே இருக்கலாம். தென்காசி என்று போட்டுக் கிடைக்காத ஊரைத் திருநெல்வேலி என்று போட்டும் ஒருமுறை தேடுங்க.

ஊர்ப் பக்கம் கிடைத்ததும் அப்படியே மனுவில் எழுதிவிடாதீங்க. விக்கிப்பீடியா யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இடம். அரசு ஆவணம் அல்ல. பக்கத்தின் கீழே மேற்கோள்கள் பகுதியில் எங்கிருந்து தகவல் எடுத்தார்கள் என்று பாருங்க. தவறு கண்ணில் பட்டால் பென்சில் படத்தைத் தொட்டு நீங்களே திருத்தலாம், ஆதாரத்தோடு.

எங்க புதுப்பட்டி மூன்றாவது தேடலில் கிடைச்சுது. ஒன்றியத்தின் பெயரைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "இரு, இந்தத் தடவை நானே பார்த்துக்கிறேன்" என்று பழைய வீட்டு வரி ரசீதை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டும் ஒத்துப்போச்சு. அடுத்த திங்கட்கிழமை மனு கொடுத்தாச்சு.