மனைவியைப் பறித்த சர்க்கரை நோய்: பணம் திரட்டிப் போராடிய கார் கம்பெனி தலைவர்!

அமெரிக்காவில் கிரைஸ்லர் கார் கம்பெனி தலைவராக இருந்தவர் லீ அயக்கோக்கா. பணத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் மனைவி மேரியைக் காப்பாற்ற முடியவில்லை. இன்சுலின் ஊசி இல்லாமல் உயிர்வாழ முடியாத முதல் வகை சர்க்கரை நோய், 1983-ல் அவரைப் பலிகொண்டது.

"விட்டேனா பார்" என்று கிளம்பினார் அயக்கோக்கா. 1984-ல் அறக்கட்டளை தொடங்கினார். அதே ஆண்டு வந்த அவரது சுயசரிதை விற்பனையில் சக்கைபோடு போட்டது. அந்த வருமானமும் ஆராய்ச்சிக்கே போனது.

பச்சைக் குழந்தைக்குப் போடும் காசநோய்த் தடுப்பு ஊசி பி.சி.ஜி. அது இந்த நோய்க்கும் கேட்குமா என்று பாஸ்டன் நகர டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். ஊசியோ மலிவு, லாபம் கிடைக்காது. மருந்து கம்பெனிகள் கைவிரித்தன. அயக்கோக்கா பணம் கொடுத்தார். ஊராரிடமும் கேட்டு வாங்கினார். 2008-ல் நோயாளிகளிடம் சோதனை தொடங்கியது.

2019-ல் அயக்கோக்கா காலமானார். நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் வந்தபாடில்லை. அதுவரை உண்டியல் குலுக்கத்தான் வேண்டும்!